செவிடும் ஊமையும்: இரு பாத்திரங்களை முன்வைத்துச் சில கருத்துக்கள்

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறமுரைக்கப் புகுந்தவிடத்து, மக்கட் பிறப்பிற் காணப்படும் குறைகளை எட்டென எண்ணிக் காட்டுகிறார். அவ்வெட்டினுள் ஊமைத் தன்மை ஒன்று. செவிட்டுத் தன்மை மற்றொன்று. இரண்டும் தனித்தனி இலக்கம் பெறுகின்றன. பாடிய புலவரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர் காலத்து அறிவு அவ்வளவே. ஆனால் அந்தக் கணக்கிலே ஒரு பிழை உண்டு. அப்பிழை நமது இலக்கியத்திலும் அன்றாடப் பேச்சிலும் இன்றுவரை பெரும்பாலும் திருத்தப்படாமலே கிடக்கிறது. செவி கேளாது பிறக்கும் குழந்தைக்குப் பொதுவாக நாவிலே பழுதில்லை; குரல்வளையிலே பழுதில்லை. ஏனைய குழந்தைகளைப் போலவே அது வீரிட்டழுகிறது. சில மாதங்களில் மழலையொலிகளையும் எழுப்புகிறது. மொழி அதனிடம் வந்து சேராமையினாலேயே பின்னர் அது பேசாதொழிகிறது. செவிடு உடலின் ஒரு நிலை. ஊமையோ அதன் பின்னர் மனிதரிடையே நிகழும் ஒரு நிகழ்ச்சி. முன்னதற்கு இயற்கையைப் பொறுப்பாக்கலாம். பின்னதற்கு ஆக்க இயலாது.

இது வைத்தியர்கள் பார்க்கவேண்டிய விடயமன்றோ, இலக்கிய விமரிசகனுக்கு இங்கே என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். ஒரு பாத்திரத்தை ஆராயுமிடத்து அவனுடைய நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, சாதி யாது, கூலி யாது என்றெல்லாம் வினவக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அவ்வினாக்கள் பாத்திரத்தின் விதியை விளக்குகின்றன என்பதனாலேயே அவற்றை வினவுகிறோம். அவ்வாறாயின், அவன் எந்த வயதிலே கேள்வியை இழந்தான், எதனால் இழந்தான், இழந்தமையை யார் கண்டுகொண்டார், கண்டபின் யாது செய்தனர் என்னும் வினாக்களை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்? இவையும் சமுதாயத்தைப் பற்றிய வினாக்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு பெருஞ் சிருஷ்டிகளை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று துர்கனேவின் 'முமு'. மற்றது விக்டர் ஹியூகோவின் 'நோத்ர் தாம் தேவாலயம்'. முன்னதிற் பிறவியிலேயே கேளாதவன் ஒருவன். பின்னதில் தொழிலாலே செவியிழந்தவன் ஒருவன்.

அதற்கு முன்னர் நமது வீட்டையும் சிறிது நோக்குதல் நன்று. திருக்குறளிற் 'கேள்வி' ஓர் அதிகாரம். செவியால் வரும் செல்வத்தை ஏனைய செல்வங்களுக்கெல்லாம் மேலாக வைக்கிறார் வள்ளுவர். கல்லாதவனும் கேட்டாவது அறிய வேண்டும் என்கிறார். நூற்கேள்வியாலே துளைபடாத செவி, கேட்பினும் கேளாத செவியே என்கிறார். ஏடு அரிதாயிருந்த காலத்தில் அறிவு செவிவழியே நடந்தது; அந்தக் காலத்தின் உயர்ந்த கல்விக் கொள்கை இது. ஆனால் இங்கே செவிடு உருவகமாகிவிட்டது. மெய்யாகவே கேளாதவனுக்கு அறிவு எந்த வழியாற் செல்லும் என்ற வினா அதிகாரத்தின் வாயிலுக்கே வரவில்லை. பின்னாளில் அவ்வுருவகம் பழமொழியாகி, செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. ஊமை கண்ட கனவாயிற்று. நாடக மேடையும் திரைப்படமும் அதனை நகைச்சுவையாக்கின. காது மந்தமான கிழவர் ஒன்றைக் கேட்க, மற்றொன்றை விளங்கி, மூன்றாவதைச் சொல்வார், கொட்டகை சிரிக்கும். அந்தக் கிழவர் வாழ்நாள் முழுவதும் எந்த ஆலையிலே வேலை செய்தார் என்று கேட்ட நாடகாசிரியர் எவரையும் நான் கண்டதில்லை.

இனி 'முமு'. கோகோலின் மறைவு குறித்து எழுதிய இரங்கலுரைக்காகத் துர்கனேவ் 1852இற் சிறைவைக்கப்பட்டார். அச்சிறையிலே எழுதப்பட்ட கதை இது. 1854இல் 'சவ்ரெமென்னிக்' சஞ்சிகையில் வெளியாயிற்று. பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861இலேயே என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

கெராசிம் என்பவன் பிறவியிலேயே கேளாதவன், பேசாதவன். நால்வர் வேலையைத் தனியொருவனாகச் செய்யும் பேருடலன். கிராமத்திலே உழுதுகொண்டிருந்தவனை, மொஸ்கோவில் வாழும் விதவையான அவனது எசமானி, மரத்தைப் பெயர்த்து நடுவது போலப் பெயர்த்துக் கொணர்ந்து தன் மாளிகை முற்றத்தைக் கூட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைக்கிறாள். அங்கே சலவைக்காரி தத்யானாவின்மீது அவன் மனம் வைக்கிறான். எசமானியோ குடிகாரச் சப்பாத்துத் தொழிலாளியான கபித்தோனுக்கு அவளை மணமுடித்துவிடத் தீர்மானிக்கிறாள். கெராசிமின் சினத்துக்கு அஞ்சிய வேலைக்காரர் ஒரு சூழ்ச்சி செய்கின்றனர். குடிகாரரைக் கண்டால் அவனுக்கு வெறுப்பு என்பதை அறிந்து, தத்யானாவைக் குடித்தவள் போலத் தள்ளாடி அவன் முன்னே நடக்கச் செய்கின்றனர். அவன் அவளைக் கைவிடுகிறான். பின்னர், கணவனோடு நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட அவளை வழியனுப்பித் திரும்பும்போது ஆற்றங்கரைச் சேற்றிலே தவித்த நாய்க்குட்டியொன்றை எடுத்து வளர்க்கிறான். அதற்கு முமு என்று பெயர் வைக்கிறான். அந்தப் பெயர் அவனுடைய வாயிலிருந்து எழக்கூடிய முனகலொலியே. அவ்வீட்டார் அனைவரும் அந்தப் பெயராலேயே நாயை அழைக்கின்றனர். சற்று நின்று நோக்கினால், கதை முழுவதிலும் கெராசிம் மொழிக்குக் கொடுத்த ஒரேயொரு சொல் இதுவென்பதும், அதனைப் பிறர் ஏற்றுக்கொண்டனர் என்பதும் புலனாகும்.

அந்த நாய் ஒருநாள் எசமானியைப் பார்த்து உறுமுகிறது. இரவிலே குரைத்து அவளது உறக்கத்தைக் கெடுக்கிறது. நாயை அகற்றுமாறு கட்டளை பிறக்கிறது. வேலைக்காரன் ஒருவன் களவாகக் கொண்டுசென்று விற்றுவிட, அது கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. கெராசிம் அதனைத் தன் அறையிலே பூட்டி ஒளித்து வைக்கிறான். கதவிடுக்கைத் துணியால் அடைக்கிறான். பகலிற் கவனமாக வெளியே வேலை செய்கிறான். எவருக்கும் தெரியாது என்று நம்புகிறான். ஆனால் நாய் உள்ளிருந்து முனகுவது வீட்டார் அனைவர் காதிலும் விழுகிறது. ஒலி கதவைக் கடந்து செல்லும் என்பதை அவன் அறியான். அறியும் வழி அவனுக்கு இல்லை.

இக்கதையின் அச்சாணி இந்த இடமே என்பது என் துணிபு. முமுவைப் பற்றிப் பேசிய பெரும்பான்மையோர் இதனை இரக்கவுணர்ச்சிக்குரிய ஒரு சிறு விவரமாகக் கடந்து சென்றுவிட்டனர். இவான் அக்சாக்கோவ் 1852இலேயே துர்கனேவுக்கு எழுதிய கடிதத்தில் கெராசிமை ருஷ்ய மக்களின் சின்னமாகக் கண்டார்: அளப்பரிய வலிமை, விளங்கமுடியாத பொறுமை, இனி ஒருநாள் பேசப்போகும் மௌனம். அவ்வாசகம் பின்னர் நிலைத்துவிட்டது. இடதுசாரி விமரிசகரும் அதனையே விரும்பி எடுத்தாண்டனர்; நமது நாட்டிலும் அவ்வாறே. பேசாத உழவன் என்றவுடன் வாயடைக்கப்பட்ட வர்க்கம் என்று எழுதுவதற்கு நமது பேனா தானாகவே ஓடுகிறது. குரலற்றவர்களின் குரல் என்று நமது சஞ்சிகைகள் தம்மைத்தாமே அழைத்துக்கொள்வதும் இதன் இன்னொரு வடிவமே.

சின்னமாகக் காண்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சின்னம் வந்து அமர்ந்தவுடன் மனிதன் எழுந்து போய்விடுகிறான். கெராசிம் மக்களின் மௌனமானால், அவன் கேளாமை பற்றி வினவ ஒன்றுமேயில்லை. அது உருவகத்தின் தேவை. துர்கனேவோ அவ்வாறு எழுதவில்லை. அவர் கெராசிமுக்குக் கையசைவுகள் கொடுத்திருக்கிறார். வீட்டார் அவனோடு சைகையிற் பேசுகின்றனர். மேற்பார்வையாளன் கவ்ரீலா சைகையாற் கட்டளையிடுகிறான். நாயைத் தானே கொல்வதாகக் கெராசிம் கழுத்திலே சுருக்கிடுவது போலக் காட்டி வாக்களிக்கிறான். ஆகவே மொழி அவனிடத்தே முளைத்திருக்கிறது. முளையளவிலே நின்றுவிட்டது. நீரூற்றுவார் இல்லாமையினாலே நின்றுவிட்டது.

ருஷ்யாவிலே அதற்கு வழியே இல்லாதிருந்ததா? இருந்தது. 1806இற் பேரரசி மரியா ஃபியோதரோவ்னாவின் ஆதரவிலே பாவ்லவ்ஸ்க்கிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அது பீட்டர்ஸ்பர்க்குக்கு மாற்றப்பட்டது. பாரிசிலே அபே த லெப்பே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சைகை வழியாகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் இலக்கணமும் கற்பித்துக் காட்டியிருந்தார். கெராசிம் போன்றோர் மொஸ்கோவிலே தண்ணீர் சுமந்த அதே அரைநூற்றாண்டில், சிறு பராயத்திலிருந்தே செவிப்புலனற்றவரான ஃபெர்தினாந் பெர்த்தியே பாரிசிலே ஆசிரியராகவும் நூலாசிரியராகவும் விளங்கினார். இருவருடைய செவியிலும் வேறுபாடு இல்லை. ஒருவன் பண்ணையடிமை, மற்றவர் பாடசாலை வாயிலை எட்டியவர். கெராசிமை ஊமையாக்கியது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை. சுவையான செய்தியொன்று: ருஷ்ய மொழியில் ஜேர்மானியனைக் குறிக்கும் சொல்லே ஊமை என்னும் பொருளுடைய அடியிலிருந்து பிறந்ததாகும். எவன் மொழி நமக்கு விளங்கவில்லையோ அவனை ஊமையென்று அழைப்பது மனித சுபாவம் போலும்.

கெராசிம் இன்று பிறந்திருந்தால்? இவ்வினா விளையாட்டன்று. பிறந்து ஓரிரு நாளான சிசுவின் காதிலே சிறு ஒலியொன்றைச் செலுத்தினால், நலமான உட்செவி அதற்கு மறுமொழியாக மிக மெல்லிய ஒலியொன்றைத் தானே எழுப்புகிறது. 1978இல் டேவிட் கெம்ப் என்னும் பிரித்தானிய விஞ்ஞானி இதனைக் கண்டறிந்தார். செவி கேட்பது மட்டுமன்று, விடையும் இறுக்கிறது என்னும் இவ்வுண்மை எந்தக் கவிஞனின் கற்பனைக்கும் குறைந்ததன்று. அந்த விடை வராதவிடத்து, உறங்கும் சிசுவின் தலையிலே சிறு மின்வாய்களை ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளையின் அடித்தண்டு வரை செல்கிறதா என்று பதிவு செய்கின்றனர். குழந்தை கையுயர்த்த வேண்டியதில்லை. ஆம், இல்லை என்று சொல்லவேண்டியதுமில்லை. முதல் மாதத்திற்குள் இச்சோதனை, மூன்றாம் மாதத்திற்குள் நோய் நிர்ணயம், ஆறாம் மாதத்திற்குள் சிகிச்சையும் மொழிப் பயிற்சியும் என்பது இன்று வைத்திய உலகம் வகுத்துள்ள ஒழுங்கு. ஆறு மாதம் என்ற எல்லைக்குக் காரணமுண்டு. 1998இல் வெளியான கொலராடோ ஆய்வு, ஆறு மாதத்துக்கு முன்னர் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டோரை விட மொழியறிவிலே தெளிவாக முன்னிற்பதைக் காட்டிற்று. கேள்விக்குறை சிறிதாயினும் பெரிதாயினும் அவ்வேறுபாடு நின்றது. மூளை மொழியைப் பெறக் காத்திருக்கும் காலம் ஒன்றுண்டு. அது எல்லையின்றிக் காத்திருப்பதில்லை.

இச்சோதனை இல்லாதவிடத்து நிகழ்வது யாவரும் அறிந்ததே. குழந்தை இரண்டு வயதாகியும் பேசவில்லை என்று தாய் கவலைப்படுவாள். தகப்பனும் பிந்தித்தான் பேசினான் என்று பாட்டி ஆறுதல் சொல்வாள். நேர்த்திக்கடன் வைப்பார்கள். பட்டணத்து வைத்தியசாலைக்குப் போக ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். அடுத்த தவணைக்கு இன்னொரு நாட் கூலி. இவ்வாறே ஓராண்டு கழியும். பொன்னான ஆண்டு அது.

முற்றாகக் கேளாத பிள்ளையாவது ஒருநாள் கண்டறியப்படும். அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையின் நிலை வேறு. நடுச்செவியிலே பசை போன்ற நீர் தேங்கினால் ஒலி மங்கிவிடும். வலியில்லை, காய்ச்சலில்லை, தடிமன் பிடித்த பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இது பெரும்பாலும் சில மாதங்களில் தானே தீர்ந்துவிடும். தீராதபோது செவிப்பறையிலே சிறு குழாயொன்றைப் பொருத்திக் காற்றோட்டம் ஏற்படுத்துவர். ஆனால் அந்த மாதங்களில் வகுப்பின் கடைசி வாங்கிலிருக்கும் அப்பிள்ளைக்குக் கவனமில்லாதவன், மந்தன், அடங்காதவன் என்னும் பட்டங்கள் கிடைத்துவிடுகின்றன. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனைப் படிக்கும்போது தத்தம் வகுப்பின் கடைசி வாங்கை ஒருமுறை மனத்திற் கொண்டுவருவார்கள் என்று நம்புகிறேன்.

காரணங்களும் பல. மரபணு வழியே வருவது பெரும்பகுதி. பெற்றோர் இருவரும் நன்றாகக் கேட்பவராயிருந்தும் குழந்தை கேளாது பிறத்தல் உண்டு. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கம் இதன் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை நமது சமூகம் காதிற் போட்டுக்கொள்ள விரும்புவதில்லை. கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லாவும் ஒரு காரணம். அந்நோய் கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணைத் தாக்குவதை 1941இல் அவுஸ்திரேலிய வைத்தியர் நோர்மன் கிரெக் எடுத்துக்காட்டினார். செவியையும் தாக்குவது விரைவிலேயே தெளிவாயிற்று. தடுப்பூசித் திட்டத்தின் பயனாக இலங்கையும் மாலைதீவும் ருபெல்லாவை ஒழித்துவிட்டதை 2020இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இலவச சுகாதார சேவையை வீண்செலவென்று பேசுவோர் இச்செய்தியை எங்கே வைத்துக்கொள்வார்களோ தெரியவில்லை. குழந்தைகளிடம் காணப்படும் கேள்விக்குறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு தடுக்கக்கூடியது என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

ஹியூகோவின் குவாசிமோடோ வேறு வகையினன். 1831இல் வெளியான அந்நாவலின் கதை 1482இல் நிகழ்கிறது. கூனனாகவும் ஒற்றைக்கண்ணனாகவும் பிறந்து, தேவாலயத்திலே அநாதையாக விடப்பட்டு வளர்ந்தவன். பதினான்கு வயதில் மணியடிப்பவனாகி, அந்த மணிகளாலேயே செவியிழந்தவன். மணிகள் அவனது செவிப்பறையைக் கிழித்துவிட்டன என்று ஹியூகோ எழுதுகிறார். உறுப்பிலே அவர் சிறிது தவறுகிறார், காரணத்திலே தவறவில்லை. நாட்கணக்கிற் பேரொலி தாக்கும்போது அழிவது பொதுவாகச் செவிப்பறையன்று. உட்செவியிலே நத்தையோடு போற் சுருண்டிருக்கும் உறுப்பிலுள்ள நுண்மயிர்க் கலங்களே. மனிதரில் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆக, குவாசிமோடோவின் செவிடு தொழில் நோய். அவனுக்கு இவ்வுலகில் இன்பம் தந்தவை அம்மணிகளே. அவனது கேள்வியைத் தின்றவையும் அவையே. தொழிலாளி தன் தொழிலை நேசிப்பதும் அத்தொழில் அவனை உண்பதும் ஒருங்கே நிகழும் இம்முரணை, கைத்தொழில் யுகத்தின் இலக்கியம் பேசத் தொடங்குமுன்னரே ஹியூகோ தொட்டுவிட்டார். 1886இற் கிளாஸ்கோ நகர வைத்தியர் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறுபேரின் செவியைச் சோதித்து, ஆணி அறையும் ஓசையால் அவர்களிற் பெரும்பான்மையோர் கேள்விக்குறை உற்றிருந்தமையைக் காட்டினார். நோத்ர் தாமின் கோபுரம் கிளாஸ்கோவின் தொழிற்சாலையாக மாறிவிட்டது, அவ்வளவே. 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தல் ஆகாது என்றும், மும்மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாக வேண்டும் என்றும் இன்று கணக்குண்டு. தறிகள் ஓடும் நெசவாலையிலும், கல்லுடைக்கும் இயந்திரத்தின் அருகிலும், அரிசி ஆலையிலும் அந்தக் கணக்கை எவர் போடுகிறார்?

இவ்வகைச் செவிடு மெல்ல வருவது. முதலிற் கெடுவது 4000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றல். சோதனை அறையில் வரையப்படும் கோட்டிலே அவ்விடத்தில் ஒரு பள்ளம் தோன்றும். பழகிய கண்ணுக்கு அந்தப் பள்ளமே தொழிலாளியின் வரலாறு. முதுமையால் வரும் குறையும் உயர்ந்த ஒலிகளிலேயே தொடங்குகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இதனை எளிதாகச் சொல்லலாம். உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வும் மிகுந்த வலிமையும் உடையன; மெய்யொலிகளிற் பல உயர்ந்த அதிர்வும் குறைந்த வலிமையும் உடையன. ஆகவே இத்தகையோருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. யாரோ பேசுவது தெரிகிறது. என்ன பேசுகிறார் என்பது தெரிவதில்லை. ஏன் கத்துகிறாய், எனக்குக் காது கேட்கும் என்று முதியவர் சினப்பது இதனாலேயே. அவர் பொய் சொல்லவில்லை. நாம் சிரித்த நாடகக் கிழவரும் பொய் சொல்லவில்லை. கேட்ட உயிர்களுக்குத் தாமே மெய் சேர்த்துக்கொள்கிறார்.

குவாசிமோடோ செவியிழந்தபின் செய்ததை ஹியூகோ கூர்ந்து கண்டிருக்கிறார். பிறர் நகைப்பார்கள் என்று அஞ்சி அவன் தானாகவே பேச்சை நிறுத்திவிடுகிறான். கெராசிமின் மௌனம் சுமத்தப்பட்டது. குவாசிமோடோவின் மௌனம் வெட்கத்தால் மேற்கொள்ளப்பட்டது. இரண்டாவது வகை மௌனம் இன்றும் உலகெங்கும் வாழ்கிறது. கேட்டற் கருவியாற் பயனடையக்கூடியவர்களில் நூற்றுக்குப் 17 பேரே அதனைப் பயன்படுத்துகின்றனர் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. விலை ஒரு காரணம், கருவியைப் பொருத்திப் பழக்குவதற்கு ஆளில்லாமை மற்றொரு காரணம், வெட்கம் மூன்றாவது. கண்ணாடி அணிவதற்கு எவரும் நாணுவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடி படித்தவனின் அடையாளமாகிவிட்டது. காதிலுள்ள கருவியோ நகைச்சுவைப் பாத்திரத்தின் அடையாளமாகவே நிற்கிறது. இதிலே எழுத்தாளருக்குப் பங்கில்லையென்று சொல்லிவிட முடியாது.

இந்நாவலின் ஆறாம் பகுதியில் ஒரு வழக்கு விசாரணை வருகிறது. ஹியூகோவின் மேதைமை முழுவதையும் காணவேண்டுமாயின் அங்கே காணலாம். குவாசிமோடோ குற்றவாளிக் கூண்டிலே நிற்கிறான், செவிடன். விசாரிக்கும் நீதிபதி ஃபுளோரியான் பார்பெதியென், அவரும் செவிடர். ஆனால் தமது செவிட்டை மறைத்து நடப்பதில் வல்லவர். வழக்கேட்டை முன்னரே படித்து மனத்திற் கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஆழ்ந்து கேட்பவர் போல வீற்றிருக்கிறார். வினா ஒவ்வொன்றுக்கும் பதில் வந்ததாக எண்ணி அடுத்த வினாவுக்குச் செல்கிறார். குற்றவாளியோ வாயே திறக்கவில்லை. மன்று சிரிக்கிறது. இறுதியில் எழுத்தர் ஒருவர் இரக்கங்கொண்டு, தண்டனை குறையக்கூடுமென்று நம்பி, நீதிபதியின் காதருகே குனிந்து, இவன் செவிடன் என்று அறிவிக்கிறார். நீதிபதிக்கு அது கேட்கவில்லை. கேட்கவில்லையென்று காட்டிக்கொள்ளவும் மனமில்லை. அப்படியானால் விடயம் வேறு என்று சொல்லி, தண்டனை மேடையில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறார்.

இருவர் செவியும் ஒன்றே. பதவியுள்ளவனின் செவிடு கம்பீரமாகிறது. பதவியற்றவனின் செவிடு கசையடியாகிறது. ஹியூகோ இங்கே பிரசங்கம் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மவரில் ஒருவர் இக்காட்சியை எழுதியிருந்தால், நீதிதேவதையே செவிடாகிவிட்டாள் என்று ஒரு வாக்கியத்தைக் கடைசியிலே சேர்த்திருப்பார்.

அந்த எழுத்தரின் இடத்தில் இருப்போர் பெரும்பாலும் கேட்கும் மனிதரே. அவர்களும் எப்போதும் நல்லதே செய்துவிடவில்லை. 1880இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வியிற் சைகைமொழியை விலக்கி வாய்ப்பேச்சையே பயிற்ற வேண்டும் என்று தீர்மானித்தது. பிரதிநிதிகள் 164 பேரிற் செவிப்புலனற்றவர் ஒருவரே எனக் கூறுவர். அத்தீர்மானத்தின் நிழலில் பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு, தமக்குக் கேளாத ஒலிகளை உச்சரிக்கப் பயிற்றப்பட்டனர். சைகைமொழியும் இலக்கணமுடைய முழுமொழியே என்பதை மொழியியல் நெறியில் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் நிறுவத் தொடங்கினார். மிலான் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவிக்கப்பட்டது 2010இல், வன்கூவரில்.

கருவியா சைகையா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. உட்செவியிலே மின்வாய்களைப் பதித்து நரம்பை நேரடியாகத் தூண்டும் கொக்லியர் கருவி, இளமையிற் பொருத்தப்பட்ட பிள்ளைகள் பலரைப் பேச்சுலகுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பிறவிச் செவிட்டின் அரிய வகையொன்றில் மரபணுச் சிகிச்சையாற் குழந்தைகள் சிலர் கேட்கத் தொடங்கியதாக 2024இற் சீனாவிலிருந்து செய்தி வந்தது. இவற்றை வரவேற்காதவன் அறிவியலின் பகைவன். ஆனால் சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் குழந்தை ஒரு மொழிக்குள் வாழவேண்டும். கருவிக்குப் பணம் சேரும்வரை குழந்தை மொழியின்றி இருக்கட்டும் என்பதும், சைகை தெரிந்தால் பேச்சு வராது என்பதும் கெராசிமின் எசமானிக்கு ஏற்ற வாதங்கள். கைதடி நஃபீல்ட் பாடசாலை போன்ற இடங்களிலே பிள்ளைகள் கைகளாற் கதை சொல்லிச் சிரிப்பதைக் கண்டவர்கள் ஊமை என்னும் சொல்லைப் பின்னர் எளிதிற் பயன்படுத்தமாட்டார்கள்.

மீண்டும் துர்கனேவிடம் வருவோம். கெராசிமுக்கு உண்மையுலகில் ஒரு மூலம் இருந்தது. துர்கனேவின் தாய் வர்வாரா பெத்ரோவ்னாவின் வீட்டில் அந்திரேய் என்னும் செவிப்புலனற்ற காவலாளி இருந்தான். நாயின் சாவுக்குப் பின்னரும் அவன் எசமானிக்கு விசுவாசமாகவே வாழ்ந்தான் என்று அவ்வீட்டில் வளர்ந்த ஷித்தோவா தம் நினைவுக் குறிப்பிற் கூறுகிறார். கதையிலோ கெராசிம் முமுவை ஆற்றிலே அமிழ்த்திவிட்டு, எவரிடமும் அனுமதி கேளாது, தன் மூட்டையைத் தோளிலேற்றிக் கிராமத்தை நோக்கி நடந்துவிடுகிறான். நடப்பியலுக்கு மாறாக முடிவை மாற்றியது யதார்த்தவாதத்துக்குப் பழுதாகாதா என்று சிலர் கேட்டிருக்கின்றனர். ஆகாது என்பதே என் கருத்து. அந்திரேய் ஒருவன் செய்ததை விடக் கெராசிம் போன்றோர் செய்யக்கூடியதே கதைக்கு உரியது. ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். திரும்பிச் சென்ற கெராசிம் பெண்ணையும் நாயையும் அணுகாது தனியே வாழ்ந்து முடிகிறான். அவனோடு சைகையிற் பேசத்தக்க இன்னொருவனைத் துர்கனேவ் கற்பனையிலேனும் அந்தக் கிராமத்தில் வைக்கவில்லை. சின்னத்தின் இழுப்பு அங்கே அவரையும் சிறிது வென்றுவிட்டது.

ஆனால் அந்த இரவு நடைப்பயணம்! கோடை இரவிலே வயல்களுக்கிடையே செல்லும்போது காடைகள் கூவுகின்றன. மரங்கள் ஒன்றோடொன்று மெல்லப் பேசுகின்றன. இவை வாசகனுக்குக் கேட்கின்றன. கெராசிமுக்குக் கேட்கவில்லை என்று துர்கனேவ் சொல்கிறார். சொல்லிவிட்டு அங்கே நின்று பரிதாபப்படவில்லை. முற்றிவரும் கம்பு வயலின் பழகிய மணம் அவனுக்கு வருகிறது. ஊரிலிருந்து வரும் காற்று அவன் முகத்திலே படுகிறது. வழிகாட்ட எண்ணற்ற விண்மீன்கள் தெரிகின்றன. விடிவதற்குள் மொஸ்கோவுக்கும் அவனுக்கும் இடையே பல காத தூரமாகிவிடுகிறது.